மோதுவிப்பான்: அது அணுவைப் பிளக்கும் இயந்திரம் அன்று

சென்ற மாதம் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஜெனீவாவுக்கு அருகே சுவிட்சர்லாந்து, பிரான்சு எல்லையில் நிலத்துக்கடியில் ஓடும், செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் வளையத்தை அட்டையில் அழகாக வரைந்து வைத்திருந்தாள். வளையத்தின் நடுவே சிவப்பும் மஞ்சளுமாக ஒரு காளான் மேகம் எழும்பியிருந்தது. அதற்கு மேலே கொட்டை எழுத்தில் ‘அணுவைப் பிளக்கும் இராட்சத இயந்திரம்’ என்று தலைப்பு. மேகம் எதற்கு என்று கேட்டேன். “அணுவைப் பிளந்தா குண்டு மாதிரி வெடிக்கும்தானே சார்?” என்றாள். அந்தப் பிள்ளை தப்பாக யோசிக்கவில்லை. கையில் கொடுக்கப்பட்ட சொல்லிலிருந்து நேராக நடந்து போய்ச் சேரவேண்டிய இடத்துக்குத்தான் சேர்ந்திருக்கிறாள். பிழை சொல்லில் இருக்கிறது. அதைச் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் பாட நோட்டிலும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

அந்த வளையம், நுண்ணிய துகள்களை விரைவாகச் சுற்றவிட்டு எதிரெதிரே மோதச் செய்யும் கருவி. அதைத் தமிழில் ‘மோதுவிப்பான்’ என்று சொல்லவேண்டும் என்பது என் வாதம். ஆங்கிலத்தில் இந்தக் கருவியின் பெயர் கொலைடர். ‘ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளுதல்’ என்ற பொருள் தரும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ஒலிபெயர்த்து அப்படியே எழுதலாமே என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ‘கொலைடர்’ என்று தமிழில் எழுதினால் கண்ணில் முதலில் படுவது ‘கொலை’. ஏற்கெனவே அச்சத்தோடு பார்க்கப்படும் ஒரு கருவிக்கு அந்த எழுத்துகள் வேண்டாம். செர்ன் கருவியின் முழுப் பெயர் ‘லார்ஜ் ஹாட்ரான் கொலைடர்’. அதில் வரும் ஹாட்ரான் என்பது ‘பருத்தது’ என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லைக் கொண்டு 1962இல் லேவ் ஓக்குன் என்ற சோவியத் இயற்பியலாளர் ஆக்கிய பெயர். புரோட்டான், நியூட்ரான் போன்றவை இந்த இனம்.

இனி ‘அணுப் பிளப்பு’க்கு வருகிறேன். இதற்கும் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1932இல் கேம்பிரிட்ஜில் காக்கிராஃப்ட், வால்டன் என்ற இயற்பியலாளர்கள் வேகமூட்டி முடுக்கிய புரோட்டான்களைக் கொண்டு லித்தியத்தின் அணுக்கருவை இரண்டாகப் பிளந்தார்கள். ஆங்கில இதழ்கள் அந்தக் காலத்து முடுக்கிகளை ‘அணு நொறுக்கி’ என்ற பொருளில் அழைத்தது பொருந்தும். அந்தப் பட்டப்பெயரைப் பல்லாண்டு கழித்து எடுத்து, முற்றிலும் வேறொரு கருவியின் தலையில் நம் மொழிபெயர்ப்பாளர்கள் சூட்டியதுதான் பொருந்தவில்லை. செர்ன் வளையத்தில் சுற்றுவது அணுவே அன்று. ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானை உரித்தெடுத்த பின் எஞ்சும் புரோட்டான்தான் சுற்றுகிறது; ஆண்டின் சில வாரங்களில் ஈயத்தின் அணுக்கருக்கள்.

‘பிளப்பு’ என்பதோ அதைவிடப் பெரிய பிழை. தமிழில் அணுக்கருப் பிளவு என்றால் கல்பாக்கம், கூடங்குளம், இரோசிமா என்று வரிசையாக நினைவுக்கு வரும் ஒரு பொருள் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. யுரேனியக் கரு ஒரு நியூட்ரானை விழுங்கிப் பிளக்கிறது. பிளக்கும்போது இரண்டு மூன்று நியூட்ரான்களை வெளியே விடுகிறது. அவை அடுத்த கருக்களைப் பிளக்கின்றன. தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இந்தத் தொடர்வினையைக் கட்டுக்குள் வைத்தால் உலை, கட்டவிழ்த்துவிட்டால் குண்டு. மோதுவிப்பானில் தொடர்வினை கிடையாது. ஆற்றல் முழுவதையும் மின்சாரம் கொண்டு வெளியிலிருந்து ஊட்ட வேண்டும். ஊட்டுவதை நிறுத்தினால் மோதல் நின்றுவிடும். ஈயக் கருக்கள் மோதும்போது அவை சிதைவது மெய்தான். ஆனால் அந்தச் சிதைவும் பக்கத்துக் கருவைத் தூண்டுவதில்லை. ஒரு புரோட்டான் ஒரு புரோட்டானுடன் மோதும்போது வெளிப்படும் ஆற்றல், பறக்கும் கொசுக்கள் ஒரு டஜனின் இயக்க ஆற்றல் அளவுதான். அந்த அற்ப ஆற்றல் நம்பமுடியாத அளவு சிறிய இடத்தில் குவிவதுதான் வியப்பு.

உடைத்து உள்ளே இருப்பதை எடுக்கிறார்கள் என்ற எண்ணத்தையும் இந்தச் சொல்தான் விதைக்கிறது. 2012இல் இந்த வளையத்தில் கண்டறியப்பட்ட ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் நிறை புரோட்டானைப்போல ஏறத்தாழ 133 மடங்கு. தேங்காயை உடைத்தால் உள்ளேயிருந்து ஆட்டுக்கல் வருமா? ஹிக்ஸ் புரோட்டானுக்குள் ஒளிந்திருந்த சில்லு அன்று. மோதலின் ஆற்றல் புதிய நிறையாக மாறிப் பிறந்த துகள். ‘உடைப்பான்’, ‘நொறுக்கி’, ‘பிளப்பான்’ என்ற எந்தச் சொல்லாலும் இந்தப் பிறப்பைச் சொல்ல முடியாது. ‘மோதல்’ என்ற சொல் அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறது.

இதில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், மக்களின் பாதுகாப்பு அச்சத்துக்கான விடையே இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அந்த அச்சத்தைக் கேலி செய்பவன் அல்லன் நான். 1999இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் மோதுவிப்பான் தொடங்கவிருந்தபோதே, வேற்றுவகைப் பருப்பொருள் ஒன்று உருவாகிப் பூமியைத் தன்மயமாக்கிவிடுமோ என்ற கேள்வி எழுந்தது. இயற்பியலாளர் குழு அதை ஆராய்ந்து எழுத்தில் விடை சொன்னது. 2008இல் செர்ன் கருவியைத் தடுக்கக் கோரி ஹவாயில் வழக்குத் தொடர்ந்தார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரையும் போனார்கள். நுண்ணிய கருந்துளை உருவாகி உலகை விழுங்கும் என்பது அவர்கள் அச்சம். அதே ஆண்டில் செர்னுக்காக ஐந்து இயற்பியலாளர்கள் தந்த அறிக்கையின் மையவாதம் இதுதான்: இந்த மோதல் புதிதன்று. விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்த் துகள்கள் நம் வளிமண்டலத்தின்மேல் இதைவிட வலுவாக மோதிக்கொண்டே இருக்கின்றன, பூமி தோன்றியது முதல் மோதுகின்றன, நாம் இருக்கிறோம்.

இதற்கு எதிர்க்கேள்வியும் உண்டு, அதுவும் நல்ல கேள்வி. அண்டக்கதிர் மோதுவது நின்றுகொண்டிருக்கும் துகளின்மேல். அதனால் விளைபவை மிகுந்த வேகத்தோடு பூமியைக் கடந்து போய்விடலாம். செர்னில் இரண்டு கற்றைகள் எதிரெதிரே வந்து மோதுவதால் விளைபவை மெதுவாக இங்கேயே தங்கிவிட்டால் என்ன செய்வது? கிடிங்ஸ், மங்கானோ என்ற இயற்பியலாளர்கள் இருவரும் 2008இல் இதற்கு விடை தேடி, எரிந்து தீர்ந்து சுருங்கி அடர்ந்துபோன வெண்குறுமீன்களையும் நியூட்ரான் விண்மீன்களையும் எடுத்துக்கொண்டார்கள். அண்டக்கதிர்கள் அவற்றின்மேலும் மோதுகின்றன. அந்த மோதலில் பிறக்கக்கூடிய கருந்துளைகள் ஆபத்தானவையாக இருந்தால், அந்த அடர்த்தியில் அவை தப்பிப் போகாமல் சிக்கி விண்மீனையே தின்றிருக்கும். அந்த விண்மீன்களோ பல கோடி ஆண்டுகளாக வானத்தில் இருக்கின்றன. இந்த வாதத்தை ‘மோதல்’ என்ற சொல்லை வைத்து என் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். ‘வானத்தில் நாள்தோறும் அணுப் பிளப்பு நடக்கிறது’ என்று தொடங்கினால் அவர் கதவைச் சாத்திக்கொள்வார்.

2008 செப்டம்பர் 19 அன்று, கருவி ஓடத் தொடங்கிய ஒன்பதாம் நாள், இரண்டு காந்தங்களுக்கு இடையேயான மின்இணைப்பு பழுதாகி, குளிரூட்டும் ஹீலியம் டன் கணக்கில் கசிந்து காந்தங்கள் சேதமடைந்தன. ஓராண்டுக்கு மேல் வேலை நின்றது. அது மின்பழுது. ‘அணுப் பிளப்பு இயந்திரத்தில் விபத்து’ என்று தலைப்பிட்டுப் பாருங்கள். படிப்பவர் செர்னோபிலைத் தவிர வேறெதை நினைப்பார்?

சரி, மோதலிலிருந்து கருவிப் பெயரை எப்படி ஆக்குவது? முடுக்கி, ஒலிபெருக்கி, மின்மாற்றி போல ‘மோதி’ என்கிறார்கள் சிலர். அது சுருக்கம், ஆனால் இரண்டு குறை உண்டு. முடுக்கு, பெருக்கு, மாற்று ஆகியவை மற்றொன்றைச் செய்விக்கும் வினைகள். மோது அப்படியன்று; ‘மோதி’ என்றால் தானே போய் மோதுவது என்றாகும். மேலும், ‘ஹாட்ரான் மோதி பழுதடைந்தது’ என்ற வரியை எந்தத் தமிழரும் ஹாட்ரான் எதன்மேலோ மோதிக் கெட்டது என்றே படிப்பார். ஆகவே பிறவினைதான் வேண்டும். ‘மோதுவி’ இலக்கணப்படி சரி, அதை எழுதுபவருடன் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பேச்சில் அது ஏவல்போல ஒலிக்கிறது. ‘மோதுவிப்பான்’ தடங்கலின்றி நிற்கிறது. ஆன் விகுதி ஆண்பாலுக்குரியது ஆயிற்றே என்பார்கள். உழவர் தோளில் மாட்டுவது தெளிப்பான். பிள்ளைகள் பென்சில் பெட்டியில் இருப்பது அழிப்பான். வழக்கு அந்தக் கேள்வியை எப்போதோ தீர்த்துவிட்டது.

‘பெரிய ஹாட்ரான் மோதுவிப்பான்’ என்பதிலும் ஒரு திருத்தம் தேவை. அப்படி எழுதினால் பெரியது ஹாட்ரானா, கருவியா என்று தெரியவில்லை. ‘ஹாட்ரான் பெருமோதுவிப்பான்’ என்று எழுதினால் பெருமை கருவியைச் சேரும். ஹாட்ரானை ‘ஆட்ரான்’ ஆக்குவதில் எனக்கு ஆர்வமில்லை. தமிழ் நெடுங்கணக்கைக் காப்பதைவிட, ஒரு மாணவி இன்னொரு நூலில் அதே துகளை அடையாளம் கண்டுகொள்வது முக்கியம்.

வேண்டிய இடத்தில் சொல்லைத் தேடாமல், கைக்கு வந்த திகில் சொல்லை எடுத்துப் போடும் பழக்கம் அறிவியல் செய்திகளை மொழிபெயர்ப்பவர்களிடம் வளர்ந்திருக்கிறது. ஆங்கிலத் தலைப்பை மட்டும் பார்த்துப் பெயர்க்கிறார்கள். அடுத்த பத்தியில் கருவி என்ன செய்கிறது என்று விளக்கியிருப்பதைப் படிப்பதில்லை. செர்ன் கருவியின் மோதல் எண்ணிக்கையைப் பல மடங்கு கூட்டும் மேம்பாட்டு வேலை நடக்கிறது. 2030ஆம் ஆண்டுவாக்கில் அது ஓடத் தொடங்க வேண்டும் என்பது திட்டம். அப்போது மறுபடி தலைப்புச் செய்தி வரும், மறுபடி கருந்துளை அச்சமும் வரும். அன்று கண்காட்சியில் அந்த மாணவி தலைப்பில் காகிதம் ஒட்டி ‘துகள் மோதுவிப்பான்’ என்று எழுதிவிட்டு, காளான் மேகத்தை என்ன செய்வது என்று என்னைக் கேட்டாள். அந்த இடத்தில் வளிமண்டலத்தையும், மேலிருந்து வரும் அண்டக்கதிர் ஒன்றையும் வரையச் சொல்லிவிட்டு வந்தேன்.