தக்காளி விலைக்கும் வீட்டுக் கடன் வட்டிக்கும் என்ன தொடர்பு?

"நாட்டின் மொத்த உற்பத்தியில் விவசாயத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுகூட இல்லை. அப்புறம் ஏன் கிராமம்தான் பொருளாதாரத்தின் அடிப்படை என்கிறீர்கள்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

நியாயமான கேள்வி. பங்கு 18 விழுக்காடு அளவில்தான். ஆனால் வேலை செய்பவர்களில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் விவசாயத்தை நம்பி இருக்கிறார்கள். அவர்கள் கையில் காசு புரண்டால்தான் சோப்பு முதல் பைக் வரை விற்கும். இது எல்லோரும் சொல்லும் பதில். எனக்குச் சுவாரசியமானது இன்னொரு வழி, விலை.

2023 ஜூலையில் தக்காளி விலை முந்தைய ஆண்டைப்போல மூன்று மடங்கானது. சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்றது. பணவீக்கத்தைக் கணக்கிடும் அப்போதைய சில்லறை விலைக் குறியீட்டில் தக்காளியின் எடை, அதாவது பங்கு, வெறும் 0.57 விழுக்காடு. ஆனால் விலை 200 விழுக்காடு ஏறினால் அந்த ஒரு காய் மட்டுமே பணவீக்கத்தில் சுமார் 1.1 புள்ளி சேர்த்துவிடும். ஜூனில் 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்த பணவீக்கம் ஜூலையில் 7.44 ஆனது. அதை 4-இல் வைக்க வேண்டிய ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை 6.5-இலிருந்து 2025 பிப்ரவரி வரை குறைக்கவில்லை. உணவுப்பொருள் விலை அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதனால் உங்கள் வீட்டுக் கடனின் மாதத் தவணையும் குறையவில்லை.

சரி, விலை ஏன் இப்படிக் குதிக்கிறது? நோய், வெயில், மழை எல்லாம் உண்டு. ஆனால் வானிலை ஒழுங்காக இருந்தாலும் குதிக்கும்.

ஒரு கணக்குக்கு, சந்தைக்கு 100 லோடு வருகிறது, கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வைரஸ் நோயில் 15 லோடு குறைகிறது. ரசம் வைப்பதை யாரும் நிறுத்துவதில்லை. ஏலத்தில் விலை 40-க்குப் போகிறது. அதைப் பார்த்து ஊரே நாற்று வாங்குகிறது. நட்டு முதல் பறிப்பு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அத்தனை பேரும் ஒரே வாரத்தில் பறித்து 120 லோடு வந்து இறங்குகிறது. விலை மலிந்தாலும் ரசத்தில் இரண்டு பங்கு தக்காளி போடுவார் இல்லை. கிலோ 8 ரூபாய். பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் செடியிலேயே விடுகிறார்கள். அடுத்த போகம் பலர் ஒதுங்குகிறார்கள். 75 லோடு, 60 ரூபாய்.

கவனியுங்கள், முதல் இடறலுக்குத்தான் நோய் காரணம். பின்னால் வந்த ஆட்டமெல்லாம், இன்றைய விலையைப் பார்த்து இரண்டு மாதம் கழித்து விற்கப்போவதை முடிவு செய்ததால் வந்தது. விலைக்கேற்ப வாங்குவோர் மாறுவதைவிட நடுவோர் அதிகமாக மாறினால் ஊசலாட்டம் பெருகும். குறைவாக மாறினால் தானே அடங்கும். வரைபடத்தில் போட்டால் கோடு சுற்றிச் சுற்றி விரியும். அதனால் இதற்குச் சிலந்திவலை என்று 1934-இல் பெயர் வைத்தவர் பொருளியல் அறிஞர் நிக்கலஸ் கால்டோர். அதற்கு முன்பே 1928-இல் ஆர்தர் ஹனாவ் ஜெர்மனியின் பன்றி விலையில் இதே சுழற்சியைக் காட்டியிருந்தார்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் விதைப்புக்கு முன்பே விலை முன்னறிவிப்பு தருகிறது. நல்ல வேலை, ஆனால் வேடிக்கையான சிக்கல் ஒன்று உண்டு: 'விலை ஏறும்' என்பதை எல்லோரும் நம்பி நட்டால், கணிப்பே பொய்யாகிவிடும். பஞ்சாங்கம் பார்த்து நடுகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஊரார் என்ன நட்டாலும் கிரகங்கள் நகர்வது மாறாது. விலையைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் குறை.

என்னைக் கேட்டால், ஆய்வுப் பணத்தில் ஒரு பங்கை விலையைக் கணிப்பதற்குப் பதில் நாற்றை எண்ணுவதற்குக் கொடுக்கலாம். இப்போது பலரும் குழித்தட்டு நாற்றைப் பண்ணைகளில் விலைக்குத்தான் வாங்குகிறார்கள். எந்த வட்டாரத்தில் இந்த வாரம் எத்தனை லட்சம் நாற்று விற்றது என்பது வாராவாரம் செல்போனுக்கு வந்தால், தக்காளி போடுவதா கத்தரிக்கு மாறுவதா என்று முன்பணம் கட்டும் முன்பே விவசாயி முடிவு செய்துகொள்வார்.