பிட்: கேட்கிறோமா, கொடுக்கிறோமா?

காசிமேட்டில் எங்கள் தெருமுனை டீக்கடையில் பேப்பரை உரக்கப் படிக்கும் அண்ணன் ஒருவர் உண்டு. இருபது வருடம் விசைப்படகில் கடலுக்குப் போனவர். முட்டி போன பிறகு துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறார். பார்முலா ஒன் கார் பந்தயம் மறுபடி இந்தியாவுக்கு வருமா என்ற பேச்சு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கிளம்பும். அப்படிக் கிளம்பிய ஒரு காலையில், 'இந்தியா பிட் செய்ய வேண்டுமா?' என்ற வரியில் தடுக்கி நின்றார்.

"இன்னா தம்பி, பிட்டுன்னு போட்டுக்கிறான்? பரீச்சையில அடிப்பானுங்களே, அதுவா?"

கேள்வியில் தப்பில்லை. தமிழில் 'பிட்' என்று எழுதிவிட்டால் அது எதுவாகவும் இருக்கலாம். பரீட்சையில் அடிப்பது பிட். சுவரில் ஒட்டாமல் கையில் தருவது பிட் நோட்டீஸ். ஓடுகிற கார் டயர் மாற்ற ஒதுங்கும் இடம் பிட். பந்தயத்தை எங்கள் ஊரில் நடத்துகிறோம் என்று கேட்பதும் பிட். ஆங்கிலத்தில் இவை bit, pit, bid என மூன்று தனிச் சொற்கள், உச்சரிப்பும் வேறு வேறு. நம் எழுத்தில் எல்லாம் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கின்றன. போதாததற்கு மதுரையில் வந்தியம்மை அவித்த பிட்டு வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

பந்தயத்தைக் கேட்கும் அந்த ஆங்கில 'bid'-ன் பூர்வீகம் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைச்சொற்கள் இருந்தன. ஒன்று 'பிட்டன்', வேண்டு, மன்றாடு என்று பொருள். இன்னொன்று 'பேஓடன்', கொடுக்க முன்வா, அறிவி, ஆணையிடு என்று பொருள். ஒலி நெருங்கி நெருங்கி, காலப்போக்கில் இரண்டும் ஒரே சொல்லாகக் கலந்துவிட்டன. பங்காளி மொழியான ஜெர்மன் இன்றும் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. அங்கே 'பிட்டன்' என்றால் கேட்பது, 'பீட்டன்' என்றால் தர முன்வருவது. ஆக, இங்கிலீஷ்காரன் பிட் என்று சொல்லும்போது ஒரு கை ஏந்துகிறது, இன்னொரு கை மடியை அவிழ்க்கிறது. நம் செய்திகளில் ஏந்தும் கை மட்டும்தான் தெரிகிறது. 'இந்தியாவுக்கு வாய்ப்பு கிடைத்தது', 'போட்டியை நடத்தும் பெருமை நமக்கு' என்று எழுதுகிறோம். மடியிலிருந்து எவ்வளவு போயிற்று என்பது உள்பக்கத்தில் எங்காவது இருக்கும், இல்லாமலும் இருக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்?

'விண்ணப்பம்' என்பார்கள் சிலர். ரேஷன் கார்டுக்குப் போடுவது விண்ணப்பம். தகுதி இருந்தால் கொடுத்தாக வேண்டும், அதில் யாரும் விலை பேசுவதில்லை. 'ஒப்பந்தப்புள்ளி' அரசாங்கத் தமிழில் நன்றாகவே வேரூன்றிய சொல், டெண்டருக்குச் சரியான சொல். ஆனால் சாலை போட ஒப்பந்தப்புள்ளி கொடுத்தால் குறைவாகக் கேட்டவருக்கு வேலை, பணமும் அவருக்கு வரும். கார் பந்தயத்தில் காசு எதிர்ப்பக்கமாக ஓடுகிறது. இலங்கைத் தமிழர்கள் டெண்டரைக் 'கேள்விப்பத்திரம்' என்றும், விலை குறித்துக் கொடுப்பதை 'விலைமனு' என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் அழகானவை. விலைமனுவில் கேட்பதும் கொடுப்பதும் ஒரே சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. அதை நாம் கடன் வாங்கினால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

என் ஓட்டு 'ஏலம்' என்ற சொல்லுக்குத்தான். அவசரமாக மொழிபெயர்ப்பவர்கள் 'ஒலிம்பிக் ஏலம்' என்று எழுதும்போது எனக்கும் உறுத்தும். 2036 ஒலிம்பிக்கை நடத்த விரும்புவதாக இந்தியா 2024 அக்டோபரில் கடிதம் கொடுத்தது. அங்கே அதிகப் பணம் சொன்னவருக்கு என்று போட்டியைத் தருவதில்லை, அதனால் கோரிக்கை என்றாலே போதும். பார்முலா ஒன் கதை வேறு. அது நிஜமாகவே ஏலம்.

இந்த ஏலமும் நம் சொல் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஏலேலோ என்று படகு தள்ளும் பாட்டிலிருந்து வந்தது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சத்தியம் செய்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் உண்மை இல்லை. அரபு மொழியில் அறிவிப்பைக் குறித்த 'அல் இஃலாம்' போர்ச்சுகீசியர் வாயில் 'லெய்லாங்' ஆனது. அவர்கள் கப்பலில் அது இந்தியக் கரைகளுக்கு வந்தது. மலையாளத்தில் 'லேலம்', இந்தியில் 'நீலாம்'. லகரத்தில் சொல் தொடங்குவது தமிழ் மரபில் இல்லாததால், முதல் 'ல்' உதிர்ந்து நமக்கு 'ஏலம்'. ஜன்னலும் சாவியும் அலமாரியும் வந்த அதே வழி. ஏலக்காயில் உள்ள ஏலத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. போடிநாயக்கனூரிலோ ஏலத்தையே ஏலம் விடுகிறார்கள்.

வந்த சொல்லைத் தமிழ் எப்படிக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டது என்று பாருங்கள். பொருளை வைத்திருப்பவர் ஏலம் விடுகிறார். நடுவில் நிற்பவர் ஏலம் கூறுகிறார். சுற்றி நிற்பவர்கள் ஏலம் கேட்கிறார்கள். கடைசியில் ஒருவர் ஏலம் எடுக்கிறார். பொருள் ஏலம் போகிறது. நான்கு வேலைக்கு நான்கு வினை, ஆள் மாறாது. 'ஏலத்தில் வெற்றி பெற்றார்' என்று இப்போது எழுதுகிறார்களே, அது காசிமேட்டில் யார் வாயிலும் வராது. எடுத்தவர் சுமக்க வேண்டும், அவ்வளவுதான். சுமை என்ன எடை என்பது வீட்டுக்குப் போனால்தான் தெரியும்.

ஒருநாள் விடியாத நேரத்தில் அண்ணனோடு போய் நின்றேன். தடைக்காலம் முடிந்த ஜூன் மாதம், படகுகள் வரிசை கட்டி அணைந்திருந்தன. ஈரத் தரையில் கூடை கூடையாகச் சங்கராவும் பாறையும். ஒரு வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓர் அம்மா மூன்று முறை விலையை ஏற்றினார். வாயால் இல்லை, மோவாயைச் சற்று உயர்த்தினாலே அண்ணனுக்குப் புரிந்துவிடுகிறது. நாலாவது முறை எதிரில் ஒருத்தர் ஏற்றியதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒதுங்கிவிட்டார். "வண்ணாரப்பேட்டைல இந்த ரேட்டுக்கு எவ வாங்குவா?" ஐஸ், ஆட்டோ, வெட்டுக்கூலி, கடன் சொல்லிப் போகிறவர்கள், எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. எடுத்தவரைப் பார்த்து அண்ணன் பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "வீம்புக்குக் கேட்டுட்டான்பா."

இதே கணக்கைக் கார் பந்தயத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் புத்த சர்வதேசப் பந்தயத் தடத்தில் 2011, 2012, 2013 என மூன்று வருடம் பார்முலா ஒன் நடந்தது. மூன்று முறையும் ஜெயித்தவர் செபாஸ்டியன் வெட்டல். தடத்தின் நீளம் 5.125 கிலோமீட்டர். ஒரு பந்தயத்துக்கு நடத்துபவர் கட்ட வேண்டிய உரிமைத்தொகை 4 கோடி டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 200 கோடி ரூபாய். இது டீக்கடைக் கணக்கு இல்லை. வரி வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனதால் ஒப்பந்தமே வெளிச்சத்துக்கு வந்தது. 2017-ல் தீர்ப்பு வந்தபோது, பந்தயம் நடந்த அந்தச் சில நாட்களும் அந்தத் தடம் வெளிநாட்டு நிறுவனத்துக்கு இந்தியாவில் நிலையான தொழிலிடம்தான், ஆகவே இங்கே வரி உண்டு என்றார்கள். தீர்ப்பு வருவதற்குள் கார்கள் போய் மூன்றரை வருடம் ஆகியிருந்தது.

உரிமைத்தொகை கட்டியவருக்குக் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் டிக்கெட் காசு. தொலைக்காட்சி உரிமையும் தடத்தோர விளம்பரமும் பொதுவாகப் பந்தயத்தின் உரிமையாளருக்கு. கூடையை எடுத்தவருக்கு மீனின் வால் பக்கம். அதோடு இது விளையாட்டா, கேளிக்கையா என்ற வரிச் சண்டையும் சேர்ந்துகொண்டது. விளையாட்டு என்றால் சலுகை, கேளிக்கை என்றால் வரி. ஒரு சொல்லுக்கு எவ்வளவு விலை பாருங்கள்.

இங்கேதான் வந்தியம்மையின் பிட்டு. சிவன் பிட்டுக்கு மண் சுமந்தார், வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை, பாண்டியன் பிரம்பால் அடித்தான், அடி ஊரில் எல்லார் முதுகிலும் விழுந்தது. நொய்டாவில் பிட்டுக்கு மண் சுமந்தது ஒரு தனியார் குழுமம். இழப்பீடு போதாது என்று போராடியவர்கள் நிலம் கொடுத்த விவசாயிகள். செய்தியில் பெயர் மட்டும் 'இந்தியா'.

எல்லா நாட்டுக்கும் இப்படித்தானா என்றால் இல்லை. சிங்கப்பூர் 2008-லிருந்து நகரச் சாலையிலேயே இரவுப் பந்தயம் நடத்துகிறது. செலவில் பெரும்பங்கை அரசே ஏற்றாலும், அந்த வாரத்தில் ஓட்டல் அறை விலை எகிறும், அந்த வருமானத்துக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். வண்ணாரப்பேட்டையில் எந்த விலைக்குப் போகும் என்று தெரிந்து கேட்பவர்கள். பக்கத்து வீடான மலேசியா 1999-ல் தொடங்கி 2017-ல் போதும் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு ஒதுங்கியது. வந்த கூட்டம் கட்டிய தொகைக்குப் போதவில்லை. தென்கொரியா நாலே வருடம் நடத்தியது.

ஏலமே கேட்காமலும் பந்தயம் நடந்திருக்கிறது, அதுவும் நம் பக்கத்தில். செங்குன்றம் தாண்டிச் சோழவரத்தில் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடந்தது. அதில் பல பத்தாண்டுகள் வருடாவருடம் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பறந்தன. அப்பா தண்டையார்பேட்டையிலிருந்து நண்பர்களோடு லாரியில் தொற்றிக்கொண்டு போய் வந்ததைச் சொல்லும்போது, ஜெயித்தவர் யார் என்பது ஞாபகம் இருக்காது, புழுதியும் காது அடைத்ததும் மட்டும் இருக்கும். பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஒழுங்கான தடம் அமைந்தது. அது இன்றும் ஓடுகிறது. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் பார்முலா ஒன்னுக்குப் போனபோதும், சென்னை கருண் சந்தோக் 2010-ல் போனபோதும் இந்தியாவில் பார்முலா ஒன் தடமே கிடையாது. ஓட்டுநர் உருவாக உள்ளூரில் ஓட இடம் வேண்டும். உலகப் பந்தயத்தை ஏலம் எடுப்பது வேறு சங்கதி.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி நடந்ததே, அது பார்முலா 4, பார்முலா ஒன்னுக்குப் பல படி கீழே. சுமார் 3.5 கிலோமீட்டர், இரவு விளக்கு. அதற்கு நாடு எதையும் ஏலம் கேட்கவில்லை, உள்நாட்டுத் தொடர்தான். ஆனாலும் அரசு செலவழித்த 42 கோடி ரூபாயை நடத்தும் தனியார் நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் சொல்லும்படி ஆயிற்று. முதலில் 2023 டிசம்பரில் நடப்பதாக இருந்தது, மிக்ஜாம் புயல் தள்ளிப்போட்டது. அதே புயல் வெள்ளத்தில்தான் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்து வலையும் படகும் கறுத்தன. பந்தயத்தன்று பஸ் சுற்றிப் போனதில் நான் அண்ணா சாலைக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். அந்தக் கடுப்பும் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் இருக்கிறது, மறைப்பானேன்.

இன்னும் இரண்டு சொற்கள் பாக்கி. 'கிராண்ட் பிரீ' பிரெஞ்சுச் சொல், பெரும்பரிசு என்று அர்த்தம். 1906-ல் லெ மான் பந்தயத்தில் ஜெயித்தவருக்கு 45,000 பிராங்க் கொடுத்தார்கள், பெயர் பொருந்தியது. இன்று நடத்துகிற ஊர் வருடாவருடம் கட்டும் தொகையைப் பார்த்தால் பரிசு என்பதைவிடப் பரிசம் என்பதே பொருந்தும். பெண்ணை அழைத்துவர மாப்பிள்ளை வீடு போடுவது பரிசம். இங்கே பெண் மூன்று நாள் இருந்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும்.

அப்புறம் 'போட்டியைத் தொகுத்து வழங்கும் நாடு' என்று சில இடங்களில் வருகிறது. தொகுத்து வழங்குவது டிவி நிகழ்ச்சியில் மைக் பிடிப்பவர் வேலை. நாடு போட்டியை நடத்துகிறது, அல்லது ஏற்று நடத்துகிறது. அந்த உரிமைக்கு 'நடத்துரிமை' என்பது சுருக்கமாக இருக்கிறது. கட்டும் பணம் நடத்துரிமைத் தொகை. பிட் என்பதற்குப் பெயர்ச்சொல் வேண்டுமென்றால் 'கேட்பு', செய்பவர் கேட்பாளர், தொகை கேட்புத்தொகை. வினையாக வேண்டுமென்றால் தயங்காமல் ஏலம் கேட்பது என்றே எழுதலாம். 'பார்முலா ஒன் நடத்துரிமையை இந்தியா ஏலம் கேட்கலாமா?' என்று தலைப்புப் போட்டால் படிப்பவர் அடுத்த நொடி கேட்கப்போவது, எவ்வளவுக்கு, யார் காசில் என்றுதான். தனியார் தன் காசில், தன் வீம்பில் கேட்டால் அது அவர் பாடு. வரிப்பணத்தில் கேட்பதாக இருந்தால், சங்கரா கூடைக்குச் சொல்வதைப்போல விலையை முதலிலேயே உரக்கச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி.

இதையெல்லாம் சுருக்கி அண்ணனிடம் சொன்னேன். பேப்பரை மடித்து டீ கிளாஸுக்கு அடியில் வைத்தார்.

"ஏலம்னு போட்டுருந்தா நான் ஏன் உன்ன கேக்கப்போறேன்" என்றவர், கொஞ்சம் யோசித்து, "கூடையில இன்னா கீதுன்னு செவுளத் தூக்கிப் பாக்க வுடுவானா?" என்றார்.