விலையை மறைத்துவிட்டு போன் நம்பர் கேட்காதீர்கள்

போன வாரம் ஓசூர் சாலைப் பக்கம் அடுக்குமாடி கட்டும் ஒருவர் என்னை அழைத்தார். சேலத்துக்காரர். பெங்களூருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வேலை சுத்தமாகச் செய்பவர். இப்போது கையில் 24 வீடுகள் இருக்கின்றன, பாதி விற்கவில்லை. "வெப்சைட்டுக்கு ஆள் வராங்க தம்பி, ஆனா ஒருத்தரும் நம்பர் கொடுக்க மாட்டேங்கறாங்க. அந்த பாப்அப்பை இன்னும் கொஞ்சம் பெருசாப் போட்டுடலாமா?" என்றார். இந்த மாதத்தில் இதே கேள்வியோடு வந்த நான்காவது ஆள் அவர். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவருடைய பக்கத்தை என் போனில் திறந்தேன். மூன்று வினாடிக்குள் திரை முழுக்க ஒரு படிவம் வந்து நின்றது. பெயர், போன், மின்னஞ்சல், வேலை செய்யும் நிறுவனம், பட்ஜெட், எத்தனை படுக்கையறை, கடன் வேண்டுமா என்று மொத்தம் 11 கட்டங்கள். மூடுகிற குறி கடுகு அளவு. எப்படியோ அதைத் தொட்டு மூடினால், நீச்சல் குளத்தருகே சிரிக்கும் ஒரு வெளிநாட்டுக் குடும்பத்தின் படம். அவருடைய கட்டடத்தில் நீச்சல் குளமே கிடையாது. விலை எங்கே என்று தேடினால், "விலைக்குத் தொடர்பு கொள்ளவும்".

"விலையைப் போடலாமே அண்ணா" என்றேன்.

"போட்டுட்டா அப்புறம் எதுக்குக் கூப்பிடுவாங்க?"

வீட்டு விற்பனைப் பக்கங்களை வடிவமைக்கும் வேலையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். இதை நம்பித்தான் நல்ல கட்டடங்கள் எல்லாம் விற்காமல் கிடக்கின்றன. அதனால் இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு தேடுபவர் உங்கள் பக்கத்தை மட்டும் பார்ப்பதில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, குழந்தை தூங்கியதும், ஒரே நேரத்தில் ஏழெட்டுத் திட்டங்களைத் திறந்துவைத்து ஒப்பிடுகிறார். விலை, பரப்பு, இடம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒப்பிட முடியும். விலை இல்லாத பக்கம் அந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வராது. அதைத்தான் முதலில் மூடுவார். ஆர்வத்தில் கூப்பிடுவார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவரோ, "ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள் போல" என்று நினைத்து நகர்ந்துவிடுகிறார்.

சரி, விலை தெரியாமலேயே சிலர் கூப்பிடத்தான் செய்கிறார்கள். யார் அவர்கள்? 55 லட்சம் பட்ஜெட் வைத்திருப்பவரும் கூப்பிடுகிறார், ஒன்றேகால் கோடி வைத்திருப்பவரும் கூப்பிடுகிறார். இருவருக்கும் உங்கள் விற்பனைப் பையன் ஒரே கதையை 20 நிமிடம் சொல்கிறான். கடைசியில் விலையைச் சொன்னதும் முதல் ஆள் வைத்துவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இப்படிப் போனால், உண்மையில் வாங்கக்கூடியவர் அழைக்கும்போது உங்கள் லைன் பிஸி. விலையைப் பார்த்த பிறகும் ஒருவர் அழைக்கிறார் என்றால், பாதி முடிவை எடுத்துவிட்டுத்தான் அழைக்கிறார். உங்களுக்கு வேண்டியது அந்த அழைப்புதான்.

"பக்கத்து பில்டர் பார்த்துக் குறைச்சுப் போட்டுடுவான்" என்பது அடுத்த பயம். அவருக்கு உங்கள் விலை ஏற்கெனவே தெரியும். வாடிக்கையாளர் மாதிரி ஒரு போன் செய்தால் போதுமே. உங்கள் விலை தெரியாமல் இருப்பது வாங்க வருபவருக்கு மட்டும்தான்.

விலையைப் போடுவது என்றால் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒற்றை எண்ணைப் போட்டு நிறுத்துவதும் போதாது. ஒரு கணக்குப் பாருங்கள். 1,250 சதுர அடி, அடிக்கு 7,000 ரூபாய் என்றால் 87 லட்சத்து 50 ஆயிரம். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். கர்நாடகத்தில் இந்த விலைக்கு முத்திரைத் தீர்வை 5 சதவீதம். பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் கடைசியில் 1 சதவீதத்திலிருந்து 2 ஆனது. பல பக்கங்களில் இன்னும் பழைய 1 சதவீதமே இருக்கிறது, தயவுசெய்து இன்றே மாற்றுங்கள். இந்த மூன்றும் சேர்ந்தாலே 98 லட்சம் ஆகிவிடுகிறது. முத்திரைத் தீர்வையின் மேல் வரும் செஸ் என்ற கூடுதல் வரி, கார் நிறுத்துமிடம், மின்சார, குடிநீர் டெபாசிட், பராமரிப்பு முன்பணம் எல்லாம் போட்டால் கோடியைத் தாண்டும். 87 என்று நம்பி வந்தவர் கோடி என்று கேட்டதும் எழுந்து போகிறார் என்றால் அவரைக் குறை சொல்லி என்ன பயன்? மொத்தக் கணக்கையும் ஒரு சிறு அட்டவணையாகப் பக்கத்திலேயே போடுங்கள். அதற்குக் கீழே "உங்கள் வீட்டுக்கான முழு விலைப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா?" என்று ஒரு பொத்தான் வையுங்கள். "சமர்ப்பி" என்று எழுதிய பொத்தானை அழுத்தினால் என்ன கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. பட்டியல் கிடைக்கும் என்று தெரிந்தால் நம்பர் கொடுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

பரப்பிலும் இதே நேர்மை வேண்டும். சூப்பர் பில்ட்-அப் (படிக்கட்டு, லிஃப்ட் போன்ற பொது இடங்களின் பங்கும் சேர்ந்த பரப்பு) எவ்வளவு, கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் உண்மையில் புழங்கும் தரைப் பரப்பு) எவ்வளவு என்று இரண்டையும் எழுதுங்கள். வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரேரா சட்டம் கார்பெட் ஏரியாவுக்குத் தெளிவான வரையறை கொடுத்திருக்கிறது. வாங்குபவர்களுக்கும் அந்தச் சொல் பழகிவிட்டது.

இன்னொரு விஷயத்தைப் பெரிய விளம்பர நிறுவனங்கள்கூடக் கவனிப்பதில்லை. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் பையன் உங்கள் பக்கத்தைப் பார்க்கிறான். பிடித்திருந்தால் சுட்டியை தர்மபுரியிலோ சேலத்திலோ இருக்கும் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். முன்பணத்துக்குக் கை கொடுப்பவரும், பத்திரத்தைப் படிக்கச் சொல்பவரும் அந்த அப்பாதான். அவர் பழைய போனில், வெயிலில் நின்று திறக்கிறார். பாப்அப் வருகிறது, மூடத் தெரியவில்லை, "அது என்னமோ ஓபன் ஆகலப்பா" என்கிறார். அங்கேயே ஒரு விற்பனை போய்விட்டது. விற்பனையாளர் யாரும் பக்கத்தில் இல்லாதபோதும் அந்தப் பக்கம் தானாகவே பதில் சொல்ல வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். போன் எண் படமாக இல்லாமல் தொட்டால் அழைக்கும்படி இருக்கட்டும். "தமிழ், கன்னடம், தெலுங்கில் பேசலாம்" என்று எண்ணுக்குக் கீழே ஒரு வரி எழுதினால் அந்த அப்பா தயங்காமல் கூப்பிடுவார். இந்த ஒரு வரிக்கு ஒரு பைசா செலவில்லை.

அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி தண்ணீர். 2024 மார்ச்சில் பெங்களூர் டேங்கருக்கு வரிசையில் நின்றதை யாரும் மறக்கவில்லை. காவேரி இணைப்பு வந்துவிட்டதா, விண்ணப்பம் மட்டும் போட்டிருக்கிறதா, போர்வெல் எத்தனை, டேங்கர் வாங்க வேண்டியிருக்குமா? உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அடுத்தது காத்தா, அதாவது மாநகராட்சியின் சொத்துப் பதிவு. முறையான சொத்துக்குத் தரும் ஏ காத்தாவா, அனுமதியில் குறை உள்ளதற்குத் தரும் பி காத்தாவா, மின்னணு வடிவமான இ-காத்தா கைக்கு வந்ததா என்பதை வைத்துத்தான் வங்கிக் கடனே முடிவாகிறது. அதை மூன்றாவது சந்திப்பு வரை மறைத்து வைப்பதில் யாருக்கும் லாபமில்லை.

இடத்தைப் பற்றி எழுதும்போது, நெரிசலுக்குப் பேர்போன சந்திப்பான சில்க் போர்டை வைத்து "சில்க் போர்டிலிருந்து 15 நிமிடம்" என்பது மாதிரி வரிகளை எடுத்துவிடுங்கள். பெங்களூரில் ஒரு மாதம் இருந்தவர்கூட நம்ப மாட்டார். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. உங்கள் வாசலிலிருந்து எந்த நிலையம் எத்தனை கிலோமீட்டர், நடந்து போக நடைபாதை இருக்கிறதா என்று எழுதுங்கள். ஒரு திங்கட்கிழமை காலை 9 மணிக்கு நீங்களே போய்ப் பார்த்து, ஆன நேரத்தைப் போடுங்கள்.

படங்களும் அப்படித்தான். கட்டடம் இப்போது எந்த நிலையில் இருக்கிறதோ, அதைத் தேதியோடு போடுங்கள். பூச்சு முடியாத சுவராக இருந்தாலும் பரவாயில்லை. தொடக்கத்தில் ஓடும் கனமான வீடியோவை நீக்குங்கள். முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். திரையை மறைக்கும் பாப்அப் உள்ள மொபைல் பக்கங்களைத் தேடலில் பின்தள்ளலாம் என்று 2017 ஜனவரியிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பாப்அப்பைப் பெரிதாக்கக் கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

ரேரா எண் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. விளம்பரத்தில் திட்டத்தின் பதிவு எண்ணும் ரேரா ஆணையத்தின் இணையதள முகவரியும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சட்டத்தின் 11வது பிரிவு சொல்கிறது. அதைப் பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், படமாக ஒட்டி வைக்கிறார்கள். நகல் எடுத்து அரசுத் தளத்தில் தேடிப் பார்க்க முடியாத எண்ணால் என்ன பயன்? இன்னும் சிலர் முகவரின் பதிவு எண்ணைத் திட்டத்தின் எண் போலக் காட்டுகிறார்கள். கர்நாடக எண்ணின் நடுவில் பிஆர் என்றிருந்தால் திட்டம், ஏஜி என்றிருந்தால் முகவர். விவரம் தெரிந்தவர் அதைப் பார்த்த நொடியில் உங்கள் மேலிருந்த நம்பிக்கை போய்விடும். விளம்பரத்தில் உள்ள பொய்யை நம்பி ஒருவர் பணம் கட்டி நஷ்டப்பட்டால் ஈடு கொடுக்க வேண்டும் என்று 12வது பிரிவு சொல்கிறது. அந்த நீச்சல் குளப் படத்தை நான் அன்றைக்கே எடுக்கச் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

படிவத்துக்குப் பெயர், போன் இரண்டு கட்டம் போதும். விருப்பமிருந்தால் "எப்போது அழைக்கலாம்?" என்று மூன்றாவதாகக் கேட்கலாம். போன் கட்டத்தைத் தொட்டால் எண் விசைகள் வர வேண்டும். சம்மதப் பெட்டியில் நீங்களே டிக் போட்டு வைக்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் அவராகவே தெளிவாகக் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது. வந்த எண்ணைக் கடன் முகவர்களுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒருமுறை நம்பர் கொடுத்து மூன்று மாதம் தொல்லைப்பட்டவர்கள்தான் இன்று எல்லாப் படிவத்திலும் பத்து ஒன்பதுகளை அடித்துவிட்டுப் போகிறார்கள். உங்கள் அழைப்பு எந்த எண்ணிலிருந்து வரும், யார் பேசுவார் என்பதையும் படிவத்துக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.

இதையெல்லாம் சேலத்து அண்ணனிடம் ஒன்றரை மணி நேரம் பேசினேன். கடைசியில் ஒரு வேலை கொடுத்தேன். அவருடைய படிவத்தை அவரே, தன் மனைவியின் எண்ணைப் போட்டு நிரப்ப வேண்டும். அன்று மாலை ஐந்து மணிக்கு நிரப்பினார். மறுநாள் மதியம் வரை யாரும் அழைக்கவில்லை. தேடிப் பார்த்தால், படிவமெல்லாம் வேலையை விட்டுப் போன ஒரு பையனின் மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதில் திறக்கப்படாமல் 37 விசாரணைகள் கிடந்தன.

நேற்று இரவு விலைப் பட்டியலை அனுப்பி வைத்தார். கார் நிறுத்துமிடக் கட்டணம் வரை எல்லாம் இருக்கிறது. அந்த 37 பேரையும் தானே அழைத்து மன்னிப்புக் கேட்கப் போவதாகச் சொன்னார்.