அடைப்பு முன்னால், கதவு பின்னால்

‘அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. கழுத்துக்குள் ஒரு நார் எலும்பாகி, தண்டுவடத்தை முன்பக்கமிருந்து அழுத்துகிறதாம். ஆனால் ஆபரேஷன் பிடரி வழியாகவாம். அது எப்படி?’ என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

கழுத்தெலும்புகளுக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே மேலிருந்து கீழாக ஒரு நார்ப்பட்டை ஓடுகிறது. சிலருக்கு அது மெல்ல மெல்ல எலும்பாகித் தடிக்கும். ஜப்பானியரில் நூற்றுக்கு 2 முதல் 4 பேருக்கு எக்ஸ்ரேயில் இது தெரியும். பலருக்குத் தொந்தரவே இராது. ஆனால் தண்டுவடக் குழாயின் முன்பின் அளவு கழுத்தில் சுமார் 17 மில்லிமீட்டர்தான். பாதியை எலும்பு பிடித்துக்கொண்டால் விரல் தடுமாறும், நடை தள்ளாடும்.

முன்பக்கமாகப் போய் எடுத்துவிடலாமே? எடுப்பதும் உண்டு. ஆனால் அந்த எலும்பு சில சமயம் தண்டுவடத்தின் உறையோடு ஒட்டிப்போயிருக்கும். உறை கிழிந்தால் உள்ளே இருக்கும் நீர் கசியும். சரி, பின்பக்க எலும்பு வளைவுகளை அப்படியே வெட்டி எடுத்தால்? சிலருக்குக் கழுத்து நாளடைவில் முன்னால் கவிழ்ந்துவிடும்.

1977இல் டோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகத்து எலும்பு மருத்துவர் ஹிராபயாஷி இதற்கு ஒரு தச்சு வேலை செய்தார். வளைவின் ஒரு பக்கத்தை ட்ரில்லால் முழுக்க அறுத்தார். மறுபக்கத்தில் மேலோட்டை மட்டும் சீவிப் பள்ளம் பறித்தார். மிஞ்சிய மெல்லிய உள்ளோடுதான் கீல். அறுத்த பக்கத்தைத் தூக்கினால், கீல் பக்கம் பச்சைக் குச்சி மாதிரி துண்டாகாமல் வளையும். மூன்றாம் எலும்பு முதல் ஏழாவது வரை வரிசையாகக் கதவு திறக்கும். மூடிக்கொள்ளாமல் இருக்க அன்று நூல் தையல்; இன்று குட்டி டைட்டானியம் தகடு.

முன்னால் இருக்கும் எலும்பை யாரும் தொடவே இல்லை, பாருங்கள். கழுத்து இயல்பிலேயே முன்னோக்கி வளைந்த வில். பின்சுவர் விலகியதும் தண்டுவடம் நாணைப் போலக் குறுக்கு வழி தேடி, சில மில்லிமீட்டர் பின்னால் நகர்ந்துவிடுகிறது. எனக்கு இதில் தீராத வியப்பு.

வில்லே நிமிர்ந்தோ எதிர்ப்பக்கம் வளைந்தோ இருந்தால் இந்த வித்தை பலிக்காது. யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே அறிய 2008இல் ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு கோடு சொன்னார்கள்: பக்கவாட்டு எக்ஸ்ரேயில், இரண்டாம், ஏழாம் எலும்புகளின் மட்டத்தில் குழாயின் நடுப்புள்ளிகளை இணையுங்கள். வளர்ந்த எலும்பு கோட்டைத் தாண்டி நின்றால், கதவு மட்டும் திறந்து பெரிய பலன் இல்லை. பென்சிலும் ஸ்கேலும் போதும்! ஆனால் இப்படிப்பட்ட எளிமைக்குப் பின்னால் காசு இருக்கிறது: இந்த நோயை ஆராயவென்றே ஜப்பானிய அரசு 1975இல் ஒரு குழு அமைத்தது. நம் நாட்டில் ஒற்றை நோய்க்கு அவ்வளவு பொறுமையாகச் செலவழிப்பது அரிது.

கதவு திறந்த பிறகு நூற்றில் ஐந்து பேர் போலத் தோளைத் தூக்க முடியாமல் சிரமப்படுவார்கள். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும். அப்புறம், அப்பாவைச் சலூனில் கழுத்தை நெட்டி முறிக்க மட்டும் விடாதீர்கள். குளியலறையில் வழுக்காத பாய் ஒன்றும் போட்டுவையுங்கள். ஏற்கெனவே நசுங்கியிருக்கும் தண்டுவடத்துக்குச் சின்னச் சறுக்கலே கைகாலை முடக்கப் போதும்.