அணு உலையும் வட்டிக்கணக்கும்

அணுமின்சாரம் என்று பேச்செடுத்தாலே கதிர்வீச்சு, கழிவு என்றுதான் போய் நிற்கிறோம். வேண்டிய பேச்சுதான். ஆனால் பர்மா வரை போய் வட்டிக்கடை வைத்த செட்டிநாட்டுக்காரர்களுக்கு முதலில் தோன்ற வேண்டிய கேள்வி வேறு: போட்ட முதல் எப்போது திரும்பும்?

உலைக்குள் எதுவும் எரிவதில்லை. யுரேனியம்-235 அணுக்கருவை நியூட்ரான் தாக்கினால் அது பிளந்து, வெப்பத்தோடு இன்னும் இரண்டு மூன்று நியூட்ரான்களும் வெளிவரும், அவை அடுத்த கருக்களைப் பிளக்கும். அந்த வெப்பத்தில் நீராவி, நீராவியில் டர்பைன், அப்புறம் நடப்பதெல்லாம் அனல்மின் நிலையத்தில் நடப்பதேதான். சுரங்கம், சிமென்ட், கம்பி எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2014 கணக்கில் யூனிட்டுக்குச் சுமார் 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு. நிலக்கரிக்கு 820.

சரி, காற்றாலையும் ஏறக்குறைய அதே 12தானே, அது போதாதா? காரைக்குடியின் பழைய வீடுகள் முற்றத்தாலும் கனத்த சுவராலும் தாமாகவே குளிர்ந்தன. இப்போது கட்டுகிற வீட்டில் ராத்திரி ஏசி ஓடியாக வேண்டும், மொட்டைமாடி சோலார் அந்நேரம் ஒன்றும் தராது. பேட்டரியில் சேர்த்து வைக்கலாம் (நம்மூர் காரைக்குடியின் சிக்ரியிலேயே, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலேயே, பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது), சில மணி நேரத்துக்குத் தாங்கும். காற்றும் ஓய்ந்து, வானமும் மூடிக்கொண்ட ஒரு வாரத்துக்கு? அங்கேதான் இரவு பகல் பார்க்காமல் ஒரே சீராக ஓடும் உலைக்கு மதிப்பு.

இடறுவது பணத்தில். எரிபொருள் செலவு சின்னப் பங்குதான்; பெரும்பணம் கட்டும்போதே போய்விடும், கட்டி முடியும்வரை ஒரு யூனிட் விற்க முடியாது, வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். கூடங்குளத்துக்குச் சோவியத் யூனியனோடு ஒப்பந்தம் 1988இல், நடுவில் அந்த சோவியத் யூனியனே இல்லாமல் போனது, கட்டுமானம் 2002இல், முதல் உலையின் மின்சாரம் 2013இல். நம்மை மட்டும் குறை சொல்ல முடியாது: பின்லாந்தில் 2005இல் தொடங்கிய ஒல்கிலுவோட்டோ-3 உலை முழுதாக ஓடத் தொடங்கியது 2023இல்.

சிறிய உலைகளைத் தொழிற்சாலையில் செய்து இறக்கினால் மலிவாகும் என்கிறார்கள். ஒன்றிரண்டு செய்தால் ஆகாது என்பது என் எண்ணம், ஒரே அச்சில் வரிசையாகச் செய்ய வேண்டும். பெரிய உலைக்கும் அதே கதைதான். குஜராத்தின் காக்ராபாரில் ஓடும் 700 மெகாவாட் கனநீர் (கனமான ஹைட்ரஜன் உள்ள நீர்) உலைகளின் வடிவிலேயே 10 உலைகள் கட்ட 2017இல் ஒப்புதல் கிடைத்தது. காக்ராபாருக்கே பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. இந்தப் பத்தில் பின்னால் வருபவையாவது ஆறேழு வருஷத்தில் முடியாவிட்டால், 2047க்குள் 100 கிகாவாட் அணுமின்சாரம் என்ற மத்திய பட்ஜெட் இலக்கை வட்டியே தின்றுவிடும்.