பெங்களூருவை விட்டு ஓசூர்ப் பக்கம் குடிபெயரும் முன் குடும்பம் பேசிக்கொள்ள வேண்டியவை

பெங்களூருவில் கொடுக்கும் வாடகையை ஓசூர்ப் பக்கம் மாதத் தவணையாகக் கட்டினால் சொந்த வீடே ஆகிவிடும், பிள்ளைகளுக்கு ஓடி விளையாட இடம் கிடைக்கும், ஊரில் தனியாக இருக்கும் பெற்றோரையும் அழைத்து வைத்துக்கொள்ளலாம் என்பவை, குடும்பநல ஆலோசகராகக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நான் சந்திக்கும் தம்பதியர் பலர் குடிபெயர்ந்ததற்குச் சொல்லும் காரணங்கள். மூன்றும் நியாயமானவையே. ஆயினும் மத்திகிரியிலோ பாகலூர்ச் சாலையிலோ வீடு கட்டி, கிரகப்பிரவேசம் முடித்து, ஓராண்டு ஈராண்டுக்குள் அவர்களில் சிலர் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாத நிலையில் ஆலோசனைக்கு வருகிறார்கள். இங்கே நான் குறிப்பிடும் குடும்பங்களின் விவரங்கள் எவரையும் அடையாளம் காட்டாதபடி மாற்றியும் கலந்தும் எழுதப்பட்டவை. குடிபெயர்ந்து நிம்மதியாக வாழ்பவர்களுக்கு ஆலோசகரைத் தேடி வர வேண்டிய தேவை இல்லை என்பதால், நான் பார்ப்பது சிக்கலில் இருப்பவர்களை மட்டுமே என்பதையும் வாசகர் கணக்கில் கொள்ள வேண்டும்.

புறநகருக்குப் போவதால் குடும்ப வாழ்க்கை தானாக மேம்படுவதும் இல்லை, கெடுவதும் இல்லை. வேலைக்குப் போகிறவர் வீடு திரும்பும்போது மற்றவர்கள் விழித்திருக்கிறார்களா, பகல் முழுவதும் வீட்டில் இருப்பவருக்கு அந்த வீட்டைத் தவிர வேறு உலகம் இருக்கிறதா என்ற இரண்டையும் பொறுத்தே பெரும்பாலும் அது அமைகிறது என்பது என் முடிவு. மனை பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் சாலையின் அகலம், கிணற்றின் ஆழம், வாஸ்து எல்லாம் விசாரிக்கப்படுகின்றன. இந்த இரண்டைப் பற்றி மட்டும் பேச்சே எழுவதில்லை.

மனை விளம்பரங்கள் நேரத்தை மாநில எல்லையான அத்திப்பள்ளியிலிருந்து, காலியான சாலையில், காரில் அளக்கின்றன. குடும்பம் அளக்க வேண்டியது அலுவலக நாற்காலியிலிருந்து வீட்டு வாசல் வரையிலான நேரத்தை, அதுவும் மழை பெய்யும் ஒரு திங்கட்கிழமை மாலையில். 2010-இல் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் திறந்தபோது இனி ஓசூர் பெங்களூருவின் ஒரு பேட்டை போல ஆகிவிடும் என்று பேசப்பட்டது. பாலத்திலிருந்து இறங்குமிடத்தில் காத்திருக்கும் நெரிசல் அந்தப் பேச்சில் இடம்பெறவில்லை. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கியது உண்மையிலேயே பெரிய உதவிதான். ஆனால் பொம்மசந்திராவிலிருந்து ஓசூருக்கு இன்னும் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் இருக்கிறது, அங்கிருந்து தளி சாலையிலோ பாகலூர்ச் சாலையிலோ உள்ள வீட்டுக்குப் போவது தனிப் பயணம். தடம் ஓசூர் வரை நீளும் என்ற எதிர்பார்ப்பில் இன்றைக்கு வீடு வாங்குவது, அது நீளும் நாள் வரையிலான ஒவ்வொரு மாலையையும் அடகு வைப்பதாகும்.

இந்தப் பயண நேரம் குடும்பத்தை என்ன செய்கிறது என்பதை வெளிநாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் எரிகா சாண்டோ 2011-இல் வெளியிட்ட ஆய்வு, வேலைக்காக ஒரு வழிக்கு 45 நிமிடங்களுக்கு மேல் பயணம் செய்பவர்களிடையே மணமுறிவு மற்றவர்களைவிட 40 சதவீதம் அதிகம் என்றும், இந்த வாழ்க்கைமுறையின் முதல் சில ஆண்டுகளே மிகக் கடினமானவை என்றும் கண்டது. தொலைதூரப் பயணம் பெரும்பாலும் கணவனின் வருமானத்தையும் பதவியையும் உயர்த்துகிறது, வீட்டையும் பிள்ளைகளையும் தூக்கிச் சுமக்கும் மனைவியோ அருகில் கிடைக்கும் சிறிய வேலைக்கு இறங்கிக்கொள்கிறாள் என்பதும் அதன் முடிவுகளில் ஒன்று. ஸ்டுட்சர், ஃப்ரை ஆகிய ஸ்விட்சர்லாந்துப் பொருளாதார அறிஞர்கள் ஜெர்மானியக் குடும்பங்களின் தரவுகளைக் கொண்டு, நீண்ட பயணத்துக்கு ஈடாக மலிவான வீடோ கூடுதல் சம்பளமோ கிடைத்தாலும் அவர்களின் வாழ்க்கை நிறைவு குறைவாகவே இருக்கிறது என்று காட்டினார்கள். ஸ்வீடன் கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது. நம் ஊரில் மணவாழ்க்கைக் கசப்பு நீதிமன்றத்துக்குப் போவது குறைவு; அது ஒரே கூரையின் கீழ், பிள்ளைகள் வழியாக மட்டும் சேதி சொல்லிக்கொள்ளும் பெற்றோராக வெளிப்படுகிறது. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்" என்று தாய் சொல்வதும், "பசி இல்லை என்று சொல்" என்று தந்தை பதில் அனுப்புவதும் நடக்கும் வீடுகளைக் கேட்டறிந்தால், அவற்றில் பல இரவு ஒன்பது மணிக்கு மேல் கதவு திறக்கும் வீடுகளாக இருக்கின்றன.

இதில் மறைந்துகிடக்கும் பெரிய விஷயம் மனைவியின் வேலை. பெங்களூருவில் இருவரும் சம்பாதித்துக்கொண்டிருந்த குடும்பம் ஓசூருக்கு வந்த பின், இருவரும் தினமும் எல்லை தாண்டிப் போய்வருவது முடியாது என்று ஆகும்போது, அநேகமாக வேலையை விடுபவர் அவர்தான். "கொஞ்ச நாளைக்குத்தானே" என்று எடுக்கப்படும் அந்த முடிவு யாருடைய முடிவு என்று பின்னர் கேட்டால் இருவரும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். நாற்பது மனைகளில் நான்கைந்து வீடுகள் மட்டும் எழுந்திருக்கும் ஒரு லேஅவுட்டில், காலை எட்டு மணிக்குக் கணவனும் பிள்ளைகளும் கிளம்பிப் போன பின், மாலை நான்கு மணி வரை ஒரு மனிதக் குரலும் கேட்காமல் இருப்பது என்னவென்று, பகல் முழுவதும் ஆட்களிடையே இருந்துவிட்டு அமைதியைத் தேடி வீடு திரும்புகிறவருக்கு எளிதில் புரிவதில்லை. அவர் பேசாமல் இருக்க விரும்பும் அதே மணியில்தான் இவர் பேச விரும்புகிறார். நான் பார்க்கும் சண்டைகளில் பெரும்பகுதி இந்த இடத்தில் தொடங்குகிறது. மாமியாரும் பணமும் பிறகுதான் வருகின்றன.

தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பேருந்து நின்றால் மட்டுமே அது பயன்படும். ஆகவே மனை வாங்கும் முன் நகரப் பேருந்து எந்த இடம் வரை வருகிறது, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்க வேண்டும். பேருந்து வராத இடமென்றால், மனைவியின் பெயரில் ஒரு இருசக்கர வண்டியும் ஓட்டுநர் உரிமமும் வீட்டுச் செலவுக் கணக்கில் முதலிலேயே வர வேண்டும். இது வசதிக்கான செலவு என்று நினைப்பவர்களிடம் நான் வாதிடவே செய்கிறேன்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வேலையும் இந்தப் பக்கமே இருக்கும் குடும்பங்களுக்கு இந்த மாற்றம் பெரும்பாலும் நன்மையாகவே முடிகிறது. ஓசூர் சிப்காட்டிலோ சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளிப் பக்கத் தொழிற்சாலைகளிலோ ஷிஃப்ட் முறையில் வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு நடுவே ஓர் அறையும் சமையலறையும் மட்டும் கொண்ட வாடகை வீட்டில், இரவு ஷிஃப்ட் முடித்து வந்து தந்தை தூங்கும் பகல் வேளைகளில், பிள்ளைகளின் ஒவ்வொரு அசைவும் ஓர் அதட்டலில் முடியும். தொலைக்காட்சி கூடாது, மிக்ஸி கூடாது, சிரிப்பும் கூடாது. அதே குடும்பம் ஊருக்கு வெளியே கூடுதலாக ஓர் அறை உள்ள வீட்டுக்குப் போன பின் தந்தையின் தூக்கமும் தாயின் முகமும் சில மாதங்களில் மாறியதைப் பார்த்திருக்கிறேன். அங்கே குடும்பத்தைச் சேர்த்தது கதவு சாத்தக்கூடிய ஓர் அறையும், வேலைக்கும் வீட்டுக்கும் இடையே இருபது நிமிடத் தூரமும்தான். வாரத்தில் சில நாட்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க உறுதியான அனுமதி உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். மேலாளர் வாய்மொழியாகச் சொன்ன அனுமதியை நம்பி இருபது ஆண்டுக் கடன் வாங்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் பள்ளி வண்டி ஏழு மணிக்கு முன்பே வாசலுக்கு வந்து, தந்தையைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளை இரவு பத்தரை வரை விழித்திருந்தால், கிடைத்த இடத்தில் விளையாட அதற்குத் தெம்பு இருக்காது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. படிப்பில் கவனம் இல்லை, எரிந்து விழுகிறான் என்று அழைத்துவரப்படும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்பதுதான். தந்தை இரவில் வருவதைத் தவிர்க்க முடியாத வீடுகளில், காலை அரை மணி நேரத்தைத் தந்தைக்கு உரியதாக மாற்றி, குளிப்பாட்டுவது, தலை வாருவது, வண்டி ஏற்றிவிடுவது ஆகியவற்றை அவரிடமே விட்டுவிடச் சொல்கிறேன். தாய்க்கும் அந்த அரை மணி நேரம் மிச்சம்.

மொழியையும் யோசிக்க வேண்டும். பெங்களூருவில் கன்னடமும் இந்தியும் படித்த பிள்ளை, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே படிப்படியாகத் தமிழ் கட்டாயப் பாடமாக்கப்பட்ட தமிழ்நாட்டுப் பள்ளிக்கு வருகிறது. வீட்டில் தமிழ் பேசுவதால் எழுத்தும் தானாக வந்துவிடும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். ஆறாம் வகுப்பில் உட்கார்ந்து 'அ' எழுதப் பழகும் கூச்சம் அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். முதல் இரண்டு வகுப்புகளுக்குள் மாறுவது எளிது; எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால், பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு மாறுவது பற்றியும் யோசியுங்கள். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து புழங்கும் ஓசூர்த் தெருக்களில் பேச்சு ஒரு தடையாக இருப்பதில்லை என்பது ஆறுதல்.

தண்ணீர் என் துறை அல்ல. ஆனாலும் இளம் பெற்றோரிடம் சொல்லாமல் விடுவதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. புதிய லேஅவுட்டுகளில் அந்தக் குழாய் வந்து சேரும் வரை போர்த் தண்ணீரே குடிநீராகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள நீரை, நிலைத்த பற்கள் உருவாகும் வயதில், அதாவது ஏறத்தாழ எட்டு வயது வரை, தொடர்ந்து குடித்தால் பற்களில் வெண்திட்டோ பழுப்புக் கறையோ படியலாம். அது பின்னர் தானாக மறையாது. கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு போகாது. ஆகவே கிரகப்பிரவேசத்துக்கு முன்பே தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும்.

பெற்றோரை அழைத்து வைத்துக்கொள்ளும் திட்டம் நல்லெண்ணத்தில் பிறந்தது. காவேரிப்பட்டணத்திலோ பாலக்கோட்டிலோ காலையில் டீக்கடைக்குப் போய்ச் செய்தித்தாள் படித்து, மாலையில் கோவில் திண்ணையில் உட்கார்ந்து, வழியெல்லாம் "என்னங்க, நல்லா இருக்கீங்களா" என்று கேட்கப்பட்டு வாழ்ந்த ஒரு பெரியவரை, ஆளரவமற்ற லேஅவுட்டில் மாடி வீட்டு வராந்தாவில் உட்கார வைத்தால், அவர் மகனின் அன்பைக் குறைசொல்லவும் முடியாமல், ஊருக்குப் போகிறேன் என்று கேட்கவும் கூச்சப்பட்டு, மெல்ல மெல்லச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறார். முதியோரின் மனச்சோர்வு அழுகையாக வருவதைவிடப் பசியின்மையாகவும் உடல்வலியாகவும் வருவதே நான் அதிகம் பார்ப்பது. மாதத்தில் பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கே என்ற ஏற்பாட்டை வெளிப்படையாகப் பேசி முடிவு செய்த குடும்பங்களில் பெரியவர்களும் மருமகள்களும் ஒருசேர நிம்மதியாக இருக்கிறார்கள்.

ஏற்கெனவே இருக்கும் சண்டையைத் தீர்க்க வீடு மாறுகிறவர்களிடம் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறேன். கூட்டுக் குடும்பத்தில் மூச்சுத் திணறிய தம்பதிக்குத் தனிக்குடித்தனம் உண்மையிலேயே உதவலாம். ஆனால் குடிப்பழக்கத்தையும், சந்தேகத்தையும், கை நீட்டுவதையும் நண்பர்கள் கெடுத்தார்கள், நகரம் கெடுத்தது என்று சொல்லி ஊருக்கு வெளியே கொண்டுபோனால், அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாத இடத்தில் அடிபடுகிறவரின் குரல் யாருக்கும் கேட்காது. அப்படிப்பட்ட வீட்டில் முதலில் சிகிச்சையும் ஆலோசனையும், பிறகுதான் இடமாற்றம்.

முடிவெடுக்கும் முன், வாங்க நினைக்கும் அதே பகுதியில் பள்ளியின் ஒரு பருவ அளவுக்கு, அதாவது சில மாதங்கள், வாடகைக்கு இருந்து பாருங்கள். இருக்கும் வாடகையைவிட அந்தச் சில மாதங்களில் கூடுதலாக ஆகும் செலவு, விற்கவும் முடியாமல் வாழவும் முடியாமல் ஒரு வீட்டில் மாட்டிக்கொள்ளும் செலவை விடக் குறைவு. வாங்குவது என்று முடிவானால் மனைக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரமும், தேவைப்படும் இடத்தில் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவும் உள்ளனவா என்று வழக்கறிஞர் வழியே பாருங்கள்; பத்திரச் சிக்கல் வந்த வீடுகளில் "உங்க அண்ணன் பேச்சைக் கேட்டு வாங்கினது" என்ற ஒரு வாக்கியம் ஆண்டுக்கணக்கில் ஓய்வதில்லை. ஏற்கெனவே குடிவந்து, தூக்கமின்மையும் எரிச்சலும் தனிமையும் வாரக்கணக்கில் நீடித்தால், டெலி மனஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைத்துப் பேசலாம். வன்முறை இருந்தால் பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098, முதியோர் உதவிக்கு 14567. இந்த எண்களை, கைப்பேசி இல்லாத பெரியவரும் பிள்ளைகளும் பார்க்கும்படி, சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள்.