ஃபெரோ, துலீ, லாத்தும்: இது ஒரே வினைச்சொல்தானா?

லத்தீன் படிக்கத் தொடங்கும் யாரும் சில மாதங்களுக்குள் ஒரு வினைச்சொல்லிடம் வந்து திகைத்து நிற்பார்கள். லத்தீன் அகராதி ஒவ்வொரு வினைக்கும் நான்கு வடிவங்களைக் கொடுக்கும், அந்த நான்கும் தெரிந்தால் மற்றவற்றை நாமே உருவாக்கிக்கொள்ளலாம். 'சுமப்பது' என்பதற்கு அங்கே இருப்பவை ஃபெரோ, ஃபெர்ரே, துலீ, லாத்தும். அதாவது சுமக்கிறேன், சுமக்க, சுமந்தேன், கடைசியாக 'சுமக்கப்பட்ட' என்ற எச்சம் பிறக்கும் அடி. முதல் சொல்லில் இருக்கும் ஓர் ஒலிகூட மூன்றாவதிலும் நான்காவதிலும் இல்லை!

காரணம் ரொம்பப் பழையது. லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் போன்றவற்றுக்கெல்லாம் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழி எழுத்தில் எங்கும் இல்லை, மகள் மொழிகளை ஒப்பிட்டுத்தான் மொழியியலாளர்கள் அதை மீட்டெடுத்தார்கள். அதில் 'பெர்' என்ற வேர் (ப-வை 'பாரதம்' போல அழுத்திச் சொல்லுங்கள்) சுமந்துகொண்டே இருப்பதை, நீண்டுகொண்டே போகும் செயலைக் குறித்தது. தூக்குவதற்கு, தாங்குவதற்கு 'தெல்' என்ற வேறொரு வேர் இருந்தது. லத்தீன் நடந்துகொண்டிருப்பதற்கு முதல் வேரையும் முடிந்துபோனதற்கு இரண்டாவதையும் எடுத்து ஒரே வினையாகத் தைத்துவிட்டது. ஆங்கிலத்தில் 'கோ' என்பதற்கு இறந்தகாலம் 'வென்ட்' என்று வருவதும் இதே கதைதான். கிரேக்கத்திலோ இந்தச் 'சுமப்பது' மூன்று வேர்களால் ஆனது.

சரி, லாத்தும் எங்கிருந்து வந்தது? அதுவும் 'தெல்'தான். முதலில் 'த்லாத்தும்' என்று இருந்தது, சொல்லின் தொடக்கத்தில் 'த்ல்' என்ற சேர்க்கை லத்தீனுக்கு ஒத்துவராததால் த் உதிர்ந்துபோனது. ஆக, பார்வைக்கு மூன்று வேர், உண்மையில் இரண்டு.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். மூலமொழியின் அந்த அழுத்தமான ப, லத்தீனில் சொல்லின் முதலில் வந்தால் ஃப ஆகிவிடும், சமஸ்கிருதத்தில் அப்படியே இருக்கும். சகோதரனுக்கு அங்கே ஃப்ராத்தெர், இங்கே பிராதா. அதே வழியில் அங்கே ஃபெரோ, இங்கே 'பர்' என்ற வேர், அதிலிருந்து பிறந்த 'பாரம்'. 'தெல்' வேரிலிருந்து சமஸ்கிருதத்தில் வந்தது தராசைக் குறிக்கும் 'துலா', நம் துலாம் ராசி. தமிழும் லத்தீனும் உறவு என்று இதற்கு அர்த்தம் இல்லை, இவை நாம் சமஸ்கிருதத்திடம் வாங்கிய சொற்கள். ஆனால் குருவாயூரில் குழந்தையைத் தராசுத் தட்டில் உட்காரவைத்து எடைக்கு எடை வாழைப்பழமோ சர்க்கரையோ கொடுக்கிறார்களே, அந்தத் துலாபாரம் என்ற ஒரு சொல்லுக்குள் துலீயின் வேரும் ஃபெரோவின் வேரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

பொருளுக்கு வருவோம். மூட்டையைச் சுமக்கவும் ஃபெர்ரே, வலியைப் பொறுக்கவும் ஃபெர்ரே. நம் 'தாங்கு' இரண்டுக்கும் வருகிற மாதிரி. மரம் காய்ப்பதும் பாதை ஓர் ஊருக்கு இட்டுச்செல்வதும் இதே வினை. 'லேகெம் ஃபெர்ரே' என்றால் சொல்லுக்குச் சொல் 'சட்டத்தைச் சுமப்பது', ரோமானிய அரசியலில் அதற்குப் பொருள் மக்கள் அவை முன் ஒரு சட்டத்தை முன்மொழிவது. அப்புறம், செய்தியையும் சுமக்கலாம் இல்லையா, அதனால் 'ஃபெருந்த்', அதாவது 'சுமக்கிறார்கள்', என்றால் 'என்பார்கள்' என்றும் பொருள்படும். இங்கே இலக்கணம் கொஞ்சம் கவனம் கேட்கும்: கிரேக்கக் கவிஞர் ஹோமர் பார்வையற்றவர் என்பார்கள் என்று சொல்ல, ஹோமர் இரண்டாம் வேற்றுமைக்குப் போய், 'ஃபெருந்த் ஹோமெரும் கைக்கும் ஃபுயிஸ்ஸே' என்று வரும். அதையே செயப்பாட்டுவினையில் 'ஃபெர்துர்' என்று மாற்றினால் ஹோமர் 'ஹோமெருஸ்' என்று எழுவாயாகத் திரும்பிவிடுவார்.

முன்னொட்டு சேர்த்தால் குடும்பம் பெருகும். ஆஃபர், ரெஃபரன்ஸ், கான்ஃபரன்ஸ், டிரான்ஸ்ஃபர் என்று நாம் தினமும் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் எல்லாம் ஃபெரோவின் பிள்ளைகள். ரிலேஷன், டிரான்ஸ்லேஷன் ஆகியவை லாத்தும் பக்கத்துப் பிள்ளைகள். டிரான்ஸ்ஃபரும் டிரான்ஸ்லேட்டும் ஒரே லத்தீன் வினையின் இரண்டு வடிவங்கள், ஒன்று ஆளை இடம் மாற்றுகிறது, மற்றது சொல்லை மொழி மாற்றுகிறது.

'அப்', அதாவது 'விலகி', என்ற முன்னொட்டோடு இந்த வினை 'எடுத்துச்செல்' என்ற பொருள் தரும். அதன் லாத்தும் வடிவம் 'அப்லாத்தும்'. லத்தீன் இலக்கணத்தில் நம் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கல் பொருளுக்கு, 'ஊரிலிருந்து' என்பது போன்றதற்கு, நிகரான வேற்றுமைக்குப் பெயர் ஏப்லேட்டிவ். முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடும் அந்தப் பெயருக்குள்ளும் இருப்பது, சில மாதங்கள் கழித்து மாணவர்களைத் திகைக்கவைக்கும் இதே வினைதான்.